ஏர்கோனுக்குள் பூக்கும் பூஞ்சணம்

கித்தா ஷீட் போட்ட காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு இந்த விஷயத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாலை உறைய வைத்து, உருளையில் விட்டு எடுத்த ஷீட்டைச் சரியாக உலர்த்திப் புகை போடாமல் ஈரத்தோடு அடுக்கி வைத்தால், சில நாட்களில் அதன் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். வாங்குகிறவன் தரத்தைக் குறைத்து விலையையும் குறைப்பான். பூத்ததைத் துணியால் துடைத்துக்கொண்டு போனாலும் உள்ளே ஈரம் இருக்கும்வரை அது மறுபடியும் பூக்கும். அதுதான் பூஞ்சணம். செம்பனையின் அடித்தண்டை அழுக வைத்து மரத்தையே சாய்த்துவிடுகிறதே கனோடர்மா, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இப்போது இதே கூட்டம் நம் படுக்கை அறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோனுக்குள்ளும் குடியேறியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

இன்று தோட்டத்து வீடுகள் பலவற்றில் ஓர் அறையிலாவது ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் இருக்கிறது. மாதத் தவணை கட்டி வாங்குகிறார்கள். "லயத்துக்காரனுக்கு எதுக்கு ஏர்கோன்?" என்று கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பகல் முழுவதும் செம்பனைக் காட்டில் குலை வெட்டி வெயிலில் வெந்து வருகிறவர் இரவில் நன்றாகத் தூங்கினால்தான் மறுநாள் கத்தியைத் தூக்க முடியும். ஆனால் ஏர்கோனை விற்கிற கடைக்காரர், பொருத்திவிட்டுப் போகிற ஆள் இருவருமே அதை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. குளிர் வந்தால் போதும் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

இதன் பலனை நான் கிளினிக்கில் பார்க்கிறேன். காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இரவில் வறட்டு இருமல். சில பிள்ளைகளுக்கு இழுப்பு. மருந்து கொடுத்தால் நான்கு நாள் நிற்கும், பிறகு திரும்ப வரும். "ஐயா, போன வாரம் குடுத்த மருந்து கேக்கலைங்க" என்று தாய்மார்கள் குறைப்படுகிறார்கள். இப்படி ஒரே மாதத்தில் மூன்று நான்கு தடவை வருகிற பிள்ளையின் தாயாரிடம் நான் கேட்கிற கேள்வி இது: "வெளியூரில் பாட்டி வீட்டில் தங்கியிருந்தபோது பிள்ளைக்கு எப்படி இருந்தது?" அங்கே நன்றாக இருந்து, வீடு திரும்பிய இரண்டாம் நாளே தும்மல் தொடங்கினால், மருந்தை மாற்றுவதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். வாரந்தோறும் லயங்களைச் சுற்றிப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பாகம் என்பதால், அப்படிப்பட்ட வீடுகளில் ஏர்கோனின் காற்று வரும் வாயில் டார்ச் விளக்கு அடித்துப் பார்ப்பேன். பல வீடுகளில் கரும்புள்ளிகள் தெரியும். கையை உள்ளே விடாமல் பஞ்சைக் குச்சியில் சுற்றித் தொட்டால் கரிபோல ஒட்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பூஞ்சணத்தின் விதைகள் கண்ணுக்குத் தெரியாத தூள். அவை எங்கும் காற்றில் மிதக்கின்றன; காட்டில் உண்டு, கோயிலில் உண்டு, என் கிளினிக்கிலும் உண்டு. அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. ஆனால் விதை முளைக்க ஈரமும் உணவும் வேண்டும். உணவு வெறும் தூசிதான். துணியிலிருந்து உதிரும் பஞ்சு, தோல் செதில், குழந்தைக்குப் போடும் பவுடர், சாமி மேடையில் போடும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை எல்லாம் ஏர்கோனின் வலையில் போய்ப் படிகின்றன.

ஈரத்தை ஏர்கோனே உண்டாக்குகிறது. ஐஸ் போட்ட சிராப் கிளாஸை மேசையில் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா? கிளாஸ் ஒழுகுவதில்லை, காற்றில் இருக்கும் நீராவிதான் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. ஏர்கோனின் உள்ளே தகடு தகடாக ஒரு குளிர்ச்சுருள் இருக்கிறது. அறைக் காற்று அதன் வழியே போகும்போது அதேபோல வியர்த்துத் தண்ணீர் சொட்டும். நம் ஜோகூர் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. நவம்பரிலிருந்து மார்ச் வரையிலான பருவமழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். ஈரமான இரவில் ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வரை தண்ணீர் எடுத்துவிடும். எட்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு வாளி. அத்தனை தண்ணீரும் சுருளின் அடியில் இருக்கும் தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியே போக வேண்டும்.

அது போகாமல் தேங்கினால், அல்லது காலையில் ஏர்கோனை நிறுத்திய பின் சுருளும் காற்றாடி உருளையும் நனைந்தபடியே இருட்டில் கிடந்தால், ஷீட்டுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். இரவில் மறுபடி முடுக்கும்போது அந்த உருளைதான் பூஞ்சண விதைகளை நம் முகத்துக்கு நேரே வீசுகிறது. முதல் ஐந்து நிமிடம் ஈரச்சாக்கு நாற்றம் வருகிறதென்றால் காரணம் இதுதான். இதற்கு வாசனை ஸ்பிரே அடிப்பது குளிக்காமல் சென்ட் போடுகிற கதை.

வீட்டிலேயே செய்யக்கூடியது

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டி வலையைக் கழுவ வேண்டும். ரிமோட்டில் மட்டும் நிறுத்தினால் போதாது; சுவர் சுவிட்சையும் அணைக்கவும். முன் மூடியைத் தூக்கினால் இரண்டு பிளாஸ்டிக் வலைகள் இருக்கும். வெளியே எடுத்துப் போய்க் குழாய்த் தண்ணீரில், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, நிழலில் காய வைக்கவும். கடும் வெயிலில் போட்டால் வலை நெளிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரமாக மாட்டுவது கழுவாமல் விடுவதைக் காட்டிலும் மோசம். தூசி பறக்கும் இந்த வேலையை இழுப்பு உள்ள பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, வாயையும் மூக்கையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு செய்யவும்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். ஆள்கள் வலையைக் கழுவினாலும் குழாயைப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு இழுப்பு நிற்கவே இல்லை. வலை பளிச்சென்று இருந்தது, அந்த அம்மா சுத்தக்காரர். வெளியே போய்ப் பார்த்தால் குழாயின் நுனி சமையலறைச் சாக்கடைத் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. நடுவில் ஓர் இடத்தில் குழாய் தொய்ந்து மேலேறி இறங்கியது. தண்ணீர் போக வழியில்லாமல் தட்டிலேயே தேங்கிச் சளிபோல் படிந்திருந்தது. தகப்பனார் குழாயைச் சரிவாகக் கட்டி, நுனியைத் தரைக்கு மேலே ஒரு சாண் தூக்கி விட்டார். பிறகு ஆள் வைத்து உள்ளே கழுவினார்கள். பிள்ளைக்கு மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் கிளினிக்குக்கு ஓடி வருவது குறைந்தது. ஆகவே ஏர்கோன் ஓடும்போது வெளியே போய்க் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லையென்றால் அந்தத் தண்ணீர் உள்ளேதான் நிற்கிறது. எறும்புக் கூடும் பல்லியும்கூடக் குழாயை அடைத்துவிடும்.

சுருளையும் காற்றாடி உருளையும் கழுவுவது வேறு வேலை. அதற்குத் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும். தினம் இரவு ஓடுகிற ஏர்கோன் என்றால் வருடத்துக்கு ஒரு தடவையாவது, பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் இரண்டு தடவை செய்யலாம். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஆளை வரவழைத்தால் கூலியைப் பேசிக் குறைக்கலாம். வந்தவர் காற்றாடி உருளையைக் கழுவினாரா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முன் மூடியைத் துடைத்துவிட்டு "சர்வீஸ் முடிஞ்சிருச்சு" என்று சொல்கிறவர்களும் உண்டு.

இங்கே நம் தோட்டத்துக்கே உரிய சில ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். சிலர் செலவை மிச்சம் பிடிக்க, காட்டில் மருந்தடிக்கும் முதுகுப் பம்பைக் கொண்டுவந்து அதில் தண்ணீர் ஊற்றி ஏர்கோனைக் கழுவுகிறார்கள். எத்தனை தடவை அலசினாலும் அந்தப் பம்பின் குழாயிலும் மூடியிலும் களைக்கொல்லி மிச்சம் இருக்கும். அதைச் சுருளில் அடித்துவிட்டு இரவெல்லாம் பிள்ளைகளை அந்தக் காற்றில் படுக்க வைப்பதா? வேண்டவே வேண்டாம். ஸ்டோரிலிருந்து செடிக்கு அடிக்கும் பூஞ்சணக்கொல்லியை எடுத்து வந்து வீட்டுச் சுவரில் அடிப்பதும் இதே தவறுதான். அது நாற்று மேடைக்கான மருந்து.

குளோரோக்ஸ் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. அதை ஏர்கோன் சுருளில் ஊற்றக்கூடாது, அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அதைவிட முக்கியம், குளோரோக்ஸோடு வேறு எதையும் கலக்கக்கூடாது. வினிகரோ, கழிப்பறை கழுவும் ஆசிட்டோ, பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். சின்ன அறையில் கதவை மூடிக்கொண்டு இப்படிக் கலந்தால் நுரையீரல் வெந்துபோகும்.

சுவரில் சிறிதாகப் பூத்திருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஜன்னலைத் திறந்து உலர விட்டால் போதும். காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், விதைகள் அறை முழுவதும் பறக்கும். இலவம் பஞ்சுத் தலையணையில் பிடித்துவிட்டால் துவைத்துப் பயனில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான்.

குளிரை எவ்வளவு வைப்பது? 24 அல்லது 25 போதும். மனிதனுக்கு 16 தேவையில்லை. அதிலும் லயத்து வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே மெல்லிய சுவர். இந்தப் பக்கம் இரவெல்லாம் 16இல் ஓடினால் சுவர் சில்லிட்டு, ஏர்கோன் இல்லாத அந்தப் பக்கத்து வீட்டில் ஐஸ் கிளாஸ்போல வியர்க்கும். அவர்கள் அந்தச் சுவரை ஒட்டி அலமாரி வைத்திருந்தால் உள்ளே இருக்கும் பட்டுச்சேலை, பிறப்புப் பத்திரம், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பூத்துப் போகும். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வராமலிருக்க இது ஒரு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதும் நல்லது.

ஏர்கோன் அறைக்குள் ஈரத்துணி காயப்போடும் பழக்கத்தை விட்டுவிடவும். மழைக் காலத்தில் வேறு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். முன் வராந்தாவில் கயிறு கட்டுங்கள். காலையில் எழுந்ததும் குளிரை நிறுத்தி, காற்றாடி மட்டும் ஓடும்படி வைத்து அரை மணி நேரம் விட்டால் சுருள் உலரும். அப்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும், இல்லாவிட்டால் அந்த ஈரம் அறைக்குள்ளேயே சுற்றும். விடியற்காலையில் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இதற்கு நேரமிருக்காது. வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

கூரையும் சுவரும் யார் பொறுப்பு?

ஏர்கோன் நம்முடையது, அதைக் கழுவுவது நம் வேலை. ஆனால் கூரை ஒழுகி, சுவர் ஊறி, அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறினால் ஏர்கோனை எத்தனை தடவை கழுவியும் பலனில்லை. மூன்று அடிக்கு மூன்று அடியைவிடப் பெரிதாகச் சுவரில் பூஞ்சணம் படர்ந்திருந்தால், தண்ணீர் எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது என்று அர்த்தம். அதற்குத் துணியும் சோப்பும் போதாது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நடந்ததை நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்ள வேண்டும். வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த, சூடானிலிருந்து வந்த குடும்பம் அது. வீட்டில் பூஞ்சணம் படர்வதாகத் தகப்பனார் 2017லேயே புகார் செய்தார். பெயிண்ட் அடித்து மூடச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்றும் வீட்டு நிர்வாகம் நினைத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் அவர்களுடைய இரண்டு வயது மகன் மூச்சு நோயால் இறந்தான். வீட்டில் நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு அந்தக் குழந்தையின் பெயரால் அவாப் சட்டம் என்று ஒன்று வந்து, 2025 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சமூகக் குடியிருப்பு நிர்வாகம் சரிசெய்தாக வேண்டும் என்கிறது அச்சட்டம்.

அது அவர்கள் நாட்டுச் சட்டம், இங்கே செல்லாது. நமக்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், இருக்கிறது. 1966இல் வந்த பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது இது. 2019இல் திருத்தப்பட்டு, 2020இல் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. தொழிலாளர் குடியிருக்கும் கட்டடங்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. அதே சட்டப்படி நாமும் அனுமதியில்லாமல் வீட்டை இஷ்டம்போல் மாற்றிக் கட்டக்கூடாது. ஆகையால் ஏர்கோன் பொருத்தச் சுவரில் துளை போடும் முன் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். பிறகு "நீங்க ஓட்டை போட்டதாலதான் ஒழுகுது" என்று சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.

புகாரை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். வீட்டு எண், எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து ஒழுகுகிறது, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று எழுதி, கைப்பேசியில் எடுத்த படத்தோடு தோட்டக் கமிட்டி வழியாகக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பிள்ளை எத்தனை முறை கிளினிக்குக்கு வந்தது என்ற விவரம் எங்கள் பதிவேட்டில் இருக்கும். நிர்வாகம் அசையவில்லையென்றால் கமிட்டி தொழிலாளர் இலாகாவுக்கு எழுதலாம்.

வெள்ளம் வந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 2023 மார்ச் மாத வெள்ளத்தில் நம் மாநிலத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு நிவாரண மையங்களுக்குப் போனார்கள். சிகாமட்டும் பத்து பகாட்டும் பட்ட பாடு தெரிந்ததே. தண்ணீர் வடிந்த பின் ஓரிரு நாட்களுக்குள் உலராத எதிலும் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டைக் காய வைக்க அவசரப்பட்டு ஏர்கோனை முடுக்காதீர்கள். உள்பெட்டி உயரத்தில் தப்பியிருந்தாலும் வெளிப்பெட்டி தண்ணீரில் முழுகியிருக்கும். மின்சார வேலை தெரிந்தவர் பார்த்த பிறகே சுவிட்சில் கை வைக்கலாம்.

பயமும் உண்மையும்

கைப்பேசியில் சுற்றி வரும் செய்திகளைப் பார்த்துப் பயந்து வருகிறார்கள். "கறுப்புப் பூஞ்சணம்னா விஷமாமே, ரத்தம் கக்கிச் சாவாங்களாமே" என்று ஒருவர் கேட்டார். 1990களில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக் கசிவு வந்தபோது கறுப்புப் பூஞ்சணத்தின் மேல் சந்தேகப்பட்டார்கள். 2000இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மறுபடி ஆராய்ந்து, அது நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னது. கறுப்போ பச்சையோ, நிறத்தைப் பார்த்து ஆபத்தைச் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டும். அவ்வளவுதான். 1928இல் பிளெமிங் கண்ட பென்சிலின்கூடப் பூஞ்சணத்திலிருந்து வந்ததுதானே.

இன்னொருவர் 1976இல் பிலடெல்பியா ஹோட்டலில் பலர் இறந்த கதையைச் சொன்னார். அது உண்மை. முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களில் 29 பேர் இறந்தார்கள். ஆனால் அது பூஞ்சணமல்ல, லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரத் தண்ணீரில் அது வளரக்கூடியது. நம் வீட்டு ஏர்கோனில் அப்படிக் கோபுரம் கிடையாது.

பயப்பட வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். முதலாவது, ஆஸ்துமா உள்ளவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஈரமான, பூஞ்சணம் பிடித்த வீடுகளில் மூச்சு நோய்களும் ஆஸ்துமாவும் அதிகம் என்றே கூறுகிறது. நீல இன்ஹேலரை வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் நோய் கட்டுக்குள் இல்லை, உடனே வந்து காட்டவும். ஏர்கோனைக் கழுவிவிட்டோம் என்று தடுப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்பு உள்ளிழுத்தாலோ, உதடு நீலமானாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, முன்பு காசநோய் வந்து குணமான பெரியவர்கள். நுரையீரலில் பழைய நோய் விட்டுப்போன குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் உருண்டையாக வளர்வதுண்டு. அவர்கள் இருமும்போது ரத்தம் வந்தால் "பழைய நோய்தானே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் பூஞ்சணத்தைத் துடைக்கும் வேலையைச் செய்யாமல் வேறு ஒருவரிடம் விட வேண்டும்.

ஏர்கோனைப் பற்றி இவ்வளவு எழுதியதால் எல்லா இருமலுக்கும் அதன் மேல் பழி போட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது இருந்தால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். காலையில் எழுந்ததும் எடுத்த சளியாக இருப்பது நல்லது. சளி டப்பா கிளினிக்கில் கிடைக்கும். முதல் நாளே வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.